நேசையன் பார்க்காத பங்குனி

துபாயில், கராமாவின் பழைய கட்டடங்களில் தண்ணீர்த் தொட்டிகளையும் பம்புகளையும் பார்த்துக்கொள்வது நேசையனின் வேலை. எந்த ஃபிளாட்டில் குழாய் மெலிந்து ஒழுகினாலும் போன் அவருக்குத்தான் வரும். சொந்த ஊர் குமரி மாவட்டத்தில் மருதங்குழிவிளை. பள்ளி விடுமுறைக்குக் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும் ஜூலையில்தான் கம்பெனி அவருக்கு லீவு தரும். அவர் போய் இறங்கும்போது அங்கே மழை பெய்துகொண்டிருக்கும். கிணறுகளில் எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். கல்ஃபுக்கு வந்த பிறகு தன் ஊரின் மாசியையும் பங்குனியையும் அவர் பார்த்ததில்லை. அப்படி ஒன்று பாக்கி இருப்பதாக அவருக்குத் தோன்றியதுமில்லை.

சென்ற ஆண்டின் கடைசியில் ஊராட்சி, ஊருக்கான வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கியது. சாலை, ஓடை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாம் எந்தத் தெருவுக்கு முதலில் என்று எழுதி, கிராம சபையில் வைத்து, ஊர் கை தூக்கி நிறைவேற்ற வேண்டும். அதற்காக வீட்டுக்கு ஒரு பதில் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர் குடும்பத் தலைவர். நேசையனின் வீடு இருந்த கீழத்தெருவின் குடும்பத் தலைவர்கள் பெரும்பாலும் துபாயிலும் தோஹாவிலும் இருந்ததால் கேள்விகள் ஊர் வாட்ஸ்அப் குழுவிலேயே வந்தன.

கராமாவில் நேசையன் தங்கியிருந்த அறையில் முதலில் பதில் போட்டவன் எபின். ஊரில் நேசையனுக்கு அடுத்த வீட்டுக்காரன்.

"நமக்கு போரு கெடக்கில்லா அண்ணே. பஞ்சாயத்துக் கொழாய நம்பியா நாம இருக்கோம்?"

கீழத்தெருவில் முதன்முதலாக ஆழ்துளைக் கிணறு போட்டவர் நேசையன். பம்பைத் தன் கையாலேயே மாட்டியவர். எபினுக்குப் பின்னால் நிற்பாரா? 'வீட்டில் போர் உள்ளது. தண்ணீருக்குக் குறைவில்லை' என்று எழுதி அனுப்பினார். மனைவி ரெபேக்காளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் மாதக் கிராம சபையில் வரைவுத் திட்டத்தை வாசித்தார்கள். அன்று ஞாயிறு. பள்ளிக்கூடத்தில் நடந்ததை யாரோ குழுவில் நேரலையாகக் காட்ட, கராமா அறையில் சாப்பாட்டுத் தட்டுகளோடு எல்லோரும் எபினின் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். புதிய குடிநீர்க் குழாய் மேலத்தெருவோடு நின்றது. கீழத்தெரு திட்டத்தில் இல்லை.

அப்போது ரெபேக்காள் எழுந்து நின்றாள்.

"எங்க தெருவுல வெள்ளம் இல்ல சார்."

மன்னார்குடிக்காரனான கௌரிசங்கர் சோற்றை விழுங்கிவிட்டுக் கேட்டான். "வெள்ளம் இல்லன்னா நல்லதுதானேண்ணே? எங்க ஊர்ல வருசா வருசம் வந்து தொலைக்குது."

"தண்ணியத்தான்டே நாங்க வெள்ளம்னு சொல்லுவோம்," என்றான் எபின்.

ஊராட்சிச் செயலர் காகிதத்தைப் புரட்டினார். "உங்க வீட்டுக்காரர் நேசையன்தானேம்மா? தண்ணீருக்குக் குறைவில்லைன்னு எழுதியிருக்காரே."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். ரெபேக்காள் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அவரு எழுதினா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

நேசையன் தட்டில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். அவள் பொய் சொல்லிவிட்டாள் என்பதும், அவர் மானத்துக்காகவே சொன்னாள் என்பதும் அறையில் எல்லோருக்கும் புரிந்திருந்தது. கை கழுவக் குழாயைத் திறந்தபோது தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

மாலையில் படிக்கட்டில் உட்கார்ந்து போன் செய்தார்.

"எப்பருந்து இல்ல?"

"தை முடிஞ்சா போரு காத்துதான் துப்பும். சர்ச்சு கெணத்துல போயி கொடத்துல வெள்ளம் கோருவோம். நாலஞ்சு வருசமாச்சு."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீங்க ரூமுல நம்ம போரப் பத்திப் பெருமையடிக்கது போனுல கேக்குமே. கேட்டுட்டு எப்படிச் சொல்ல?"

திட்டம் மே தினக் கிராம சபையில் நிறைவேறும். அதற்குள் கீழத்தெரு அதில் ஏறாவிட்டால் அடுத்த திட்டம்வரை குழாய் கிடையாது.

"மே ஒண்ணுக்கு நீ திருப்பியும் சொல்லு."

"செயலரு திருப்பியும் நீங்க எழுதினத வாசிப்பாரு. ஒருக்கா எந்திச்சுட்டு உக்காந்தாச்சு. இனி என்னால ஆவாது."

செயலரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாம் என்று முதலில் நினைத்தார். எண்ணைக்கூடத் தேடி எடுத்தார். ஆனால் அவளைப் பார்த்துச் சிரித்தது ஊர். தனியாகச் சொன்னால் அந்தச் சிரிப்பு அவள் பெயரிலேயே இருந்துவிடும். பல நாள் தள்ளிப்போட்டார். கடைசியில் ஒரு நாள், டூட்டி நேரத்தில், மொட்டைமாடித் தொட்டியின் நிழலில் நின்று குழுவில் எழுதினார்.

'நான் எழுதியது தவறு. ஊரில் இல்லாமல், வீட்டில் கேட்காமல் எழுதினேன். எங்கள் வீட்டில் தை முடிந்தால் வெள்ளம் இல்லை. கூட்டத்தில் ரெபேக்காள் சொன்னதே உண்மை. எங்கள் வீட்டுக்கு அவள் சொல்வதை எழுதிக்கொள்ளவும்.'

அன்று அறையில் எபின் அவர் முகத்தைப் பார்க்காமல் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"எங்களயும் சேத்து நாறடிச்சிட்டீரே அண்ணே," என்றான்.

"உனக்க வீட்டுல ஒரு வாட்டி கேட்டுப் பாருல."

எபின் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் திரும்பி வந்தபோது மீன் கருகியிருந்தது.

மே தினத்தன்று நேசையன் நேரலையைப் பார்க்கவில்லை. ஒரு கட்டடத்தில் பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார். மதியம் ரெபேக்காள் அழைத்தாள். கீழத்தெருவைச் சேர்த்துக்கொண்டு திட்டம் நிறைவேறிவிட்டது. எபின் வீட்டுக்காரியும் எழுந்து பேசினாளாம்.

"செயலரு வாசிச்சாரு. குடும்பத் தலைவரு நேசையன்னு சொல்லிட்டு, பதில் சொன்னது ரெபேக்காள்னு சொன்னாரு. எல்லாரும் திரும்பிப் பாத்தாவ."

"சிரிச்சாவளா?"

"கொஞ்சம் பேரு."

"உன்னப் பாத்தா?"

"இந்த வாட்டி உங்களச் சொல்லித்தான்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். குழாய் வந்து சேர இன்னும் ஒரு கோடையாவது போகும் என்றாள் அவள்.

"லீவ மார்ச்சுக்கு மாத்திக் கேக்கப் போறேன்," என்றார்.

"மார்ச்சுல வராதீங்க. வந்தா உங்களுக்கும் சேத்து நான் வெள்ளம் கோரணும்."

"நான் கோருவேன்."

"பாப்போம்," என்றாள் ரெபேக்காள்.