பெத்ரோனிலாவின் பன்னிரண்டு கோவேறு கழுதைகள்

அகபுல்கோவிலிருந்து மெக்சிகோ நகரத்துக்குச் சரக்கு ஓட்டும் பெத்ரோனிலாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்பார்கள். சும்மா சொல்வது! புருஷன் காய்ச்சலில் போன மறுவாரமே கழுதைக் கயிற்றைக் கையில் பிடித்தவள்தான். ஆனாலும் வணிகர் சங்க நீதிமன்றத்தின் படியேறிய அன்று அவளுக்கும் பயம் வந்துவிட்டது.

அவள் இறக்கிய கொக்கோ மூட்டைகளில் பூஞ்சணம். “ஆத்துல நனைச்சுட்டா” என்று வியாபாரி தோன் பெர்மின் ஊரைக் கூட்டினார். அவளுடைய பன்னிரண்டு கோவேறு கழுதைகளையும் தன் கொல்லையில் அடைத்துவிட்டார். வழக்கும் போட்டார்; அதில் அவள் தோற்றால் அவை அவருக்கே. அதன்பிறகு அவளுக்குச் சோள ரொட்டிக்கும் வழியில்லை.

பயத்தில் ஒரு பிசகு செய்தாள். வெள்ளித் தோட்டைக் கழற்றி ஒரு வக்கீலிடம் கொடுத்து மனு எழுதி வாங்கினாள். வியாபாரிகளுக்கு வியாபாரிகளே தீர்ப்புச் சொல்லும் அந்த மன்றத்தில் வக்கீலின் நிழல்கூட விழக்கூடாது. தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம். பயம் வந்தால் புத்தி மேயப் போய்விடுகிறதே, என்ன செய்ய!

தீர்ப்புச் சொல்ல மூன்று வியாபாரிகள். நடுவில் உட்கார்ந்திருந்த துணி வியாபாரி தோன் எவுஸ்தாக்கியோ இரண்டு வரி படித்துவிட்டு மனுவை மடித்தார்.

“இந்த லத்தீனெல்லாம் யாரு எழுதிக் குடுத்தது, தாயி?”

“வக்கீலுங்க ஐயா.”

“இத நீயே வச்சுக்க. இங்க சட்டம் பேசறதில்ல, நடந்ததப் பேசறது. உன் வாயால சொல்லு.”

“கழுதைங்ககிட்ட பேசற வாய்தான அது” என்று சிரித்தார் தோன் பெர்மின்.

அவ்வளவுதான். பயம் பறந்துவிட்டது.

“ஆமாங்க. அதுங்க பொய் சொல்லாது. அதான் அதுங்ககிட்டயே பேசிப் பழகிட்டேன்.”

சாட்சிக்கு வைத்திருந்த மூட்டையின் தையலை இடுப்புக் கத்தியால் அறுத்தாள்.

“ஆத்துத் தண்ணி வெளியில இருந்துதான வரும்? அப்ப ஓரத்துக் கொட்டைதான மொதல்ல கெடணும்? ஓரத்தத் தொட்டுப் பாருங்க, காஞ்சு கலகலங்குது. இப்ப கைய நடுவுல விடுங்க. ஈரத்தோட அள்ளித் தச்சா இப்படித்தான் ஆகும். துறைமுகத்துல தச்சது இவரு ஆளுங்க.”

மூன்று நடுவர்களும் சரக்குப் பார்த்தே தலை நரைத்தவர்கள். ஒருவர் பின் ஒருவராக முழங்கைவரை கையை விட்டார்கள். மூன்று கையும் பூஞ்சணத்தோடு வெளியே வந்தன. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

கொல்லைக் கதவைத் தோன் பெர்மினே திறந்தார். கழுதைகள் அவள் சீட்டிக்கு வரிசையாக வந்து நின்றன. அவர் மெல்லக் கேட்டார்.

“அடுத்த கப்பல்ல வர்ற என் சரக்க ஏத்துவியா?”

“ஏத்தறேன் ஐயா” என்றாள் பெத்ரோனிலா, சட்டைக்கையை மேலே சுருட்டிக் காட்டி. “ஆனா தைக்கறதுக்கு முன்னால ஒவ்வொரு மூட்டையிலயும் இந்தக் கை உள்ள போகும்.”