தோகை பிடுங்கிய ஊர்

இறகு கருகினால் தலைமயிர் கருகுகிற நாற்றம்தான் வரும். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், ஒரு சாயங்காலம், மாரண்டஹள்ளிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் எல்லா வீட்டு அடுப்பிலிருந்தும் அந்த நாற்றம் கிளம்பியது. உலை கொதிக்கிற நேரம் என்பதால் சோற்றிலும் அதுவே ஏறியிருந்தது.

அன்று காலையில்தான் எங்கள் கடலைக்காட்டு வேலியோரம் அப்பா வைத்த சுருக்குக் கண்ணியில் ஓர் ஆண்மயில் கழுத்து மாட்டிச் செத்திருந்தது. விதைத்த கடலையை மயில் கிளறித் தின்றது உண்மை. அப்பா கறிக்கு ஆசைப்பட்டதும் உண்மை. பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துச் சத்தம் போட, ஊரே கூடி மயிலைத் தூக்கிப்போய் முருகன் கோயில் முன்னால் கிடத்தி, மஞ்சள் பூசி, மாலை போட்டு, சூடம் கொளுத்தியது. பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அப்பாவை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.

"சாமி ஏறுற மயில்டா அது! கொழம்பு வெக்கப் பாத்தியே, உன் கை வெளங்குமாடா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள் எதிர்வீட்டுப் பெரியம்மா. சீருடையில் நின்ற நான் தலைகுனிந்தேன். எங்கள் வீட்டிலேயே முதன்முதலாக எழுத்துப் படிக்கிறவள் என்று தினமும் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்த தெரு அது.

தூற்றிய அதே கையால் பெரியம்மா குனிந்து தோகையில் ஓர் இறகை இழுத்தாள். "பேரனுக்குக் கண்ணு படாம இருக்கும்" என்றாள், யாரும் கேட்காமலே. அவ்வளவுதான். சூடம் அணைவதற்குள் மாலைக்குக் கீழே மயிலின் பின்புறம் உரித்த கோழியாகிவிட்டது. "ஏங்க, நல்லா பெருசா ஒன்னு குடுங்க" என்று கேட்டு வாங்கியவர்களும் உண்டு. அம்மாவும் ஒன்றை மடித்து இடுப்பில் செருகியதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

வனத்துறை ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி, "தோகை எங்கய்யா?" என்றார்.

"அவந்தாங்க புடுங்கிட்டான், விக்கறதுக்கு" என்றது ஒரு குரல். "ஆமாங்க, ஆமாங்க" என்றது கூட்டம்.

அப்பா, அம்மாவின் இடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, "நாந்தாங்க" என்றார்.

"நீ ஒருத்தன் மட்டுமா? நாளைக்கு வீடு வீடா சோதிச்சா தெரிஞ்சிடும்" என்று அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பயத்தில்தான் இறகுகளெல்லாம் அடுப்புக்குப் போயின. எங்கள் வீட்டு இறகும் போயிற்று. ஆனால் சோதிக்க யாரும் வரவில்லை. தோகை விற்க மயிலைக் கொன்றவன் என்றே வழக்கானது. அப்பா சிறைக்குப் போய் ஜாமீனில் திரும்பினார். பள்ளியில் நான் "மயில்காரன் பொண்ணு" ஆனேன். அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேர் வீட்டு அடுப்புச் சாம்பல் எனக்குத் தெரியும். இருந்தும் வாய் திறக்க வெட்கமாக இருந்தது.

இன்று எங்கள் பக்கம் மயில்கள் பெருகிவிட்டன. அந்த நாளைப் பற்றிய பேச்சுத்தான் ஊரில் அடியோடு காணாமல் போய்விட்டது. போன வாரம் எங்கோ மயிலைக் கொன்று பிடிபட்ட ஒருவனின் வீடியோ ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "தூக்குல போடணும்", "கைய வெட்டணும்" என்று பெரியம்மா வீட்டிலிருந்து தொடங்கி எல்லாரும் போட்டிருந்தார்கள். எழுத்துத் தெரியாத அப்பா ஒவ்வொன்றையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தன் போனை என்னிடம் நீட்டினார்.

"பாப்பா, எம் பேர்லயும் ஒன்னு போட்டுடு."

"என்னன்னுப்பா போட?"

"எல்லாரும் போட்டிருக்கறதையே போடு. நாம மட்டும் போடலன்னா ஊர்ல என்ன நெனைப்பாங்க?"