அறுந்த கயிறும் நயினார் துப்பாக்கியும்

எனக்கு எழுத வராது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. நாலு பேர் கூடுகிற இடத்தில் பேசவே கூச்சப்படுகிறவன் எழுதி நீங்கள் படிப்பதாவது என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேய், ஆவி இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. யுத்த காலத்தில் நாலு வருஷம் பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்க்கிற பட்டறையில் இருந்தேன். செத்தவர்களின் துப்பாக்கி எத்தனையோ என் கைக்கு வந்திருக்கிறது, ஒன்றும் என்னோடு பேசியதில்லை. இதை மட்டும் என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

பட்டாளத்திலிருந்து வந்தபின் பிள்ளையார்பாளையத்தில் தறிகளுக்கு ஜக்கார்டு பெட்டி, அதாவது சேலையில் பூ விழ வைக்கிற பெட்டி, ரிப்பேர் செய்து பிழைக்கிறேன். என் மனைவி பாக்கியம் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள், பிணைக்கப் போவாள். தறியில் ஒரு பாவு முடிகிறபோது அடுத்த பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழையோடு சேர்க்க வேண்டும், ஆயிரக்கணக்கில். முடிச்சுப் போட்டால் இழை நுழைகிற சீப்பு போன்ற அச்சில் மாட்டும், விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கித்தான் விடவேண்டும். பாக்கியம் இடது கைக்காரி. மற்றவர்கள் முறுக்கு ஒரு பக்கம் போனால் இவள் முறுக்கு எதிர்ப்பக்கம் போகும். எந்த வீட்டுத் தறியில் பார்த்தாலும் இது பாக்கியம் கை என்று சொல்லிவிடுவார்கள். நான் ஏதாவது வேலையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால், "பட்டாளத்துல இத்ததான் கத்துக்கினு வந்தீங்களா? இன்னிக்கு உங்களுக்கு அரை சோறுதான்" என்பாள்.

நான் சொல்கிற நாளுக்கு மூன்று வருஷம் முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தை இல்லை. அவள் சாம்பல் வைத்திருந்த கொட்டாங்கச்சியை ஜன்னல் மாடத்திலிருந்து நான் எடுக்கவில்லை. மழைச் சாரல் பட்டுப் பட்டு அந்தச் சாம்பல் கல்லாக இறுகிவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று அமாவாசை, தறி ஓடாத நாள். பாக்கியத்தை நினைத்துக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தாமல் ஊரிலிருந்து எனக்குப் பழக்கமான நயினார் வந்தார். சமணர், நிலபுலன் உள்ளவர், பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார், விளக்கில் பூச்சி விழுந்து செத்துவிடும் என்று. அவர் துணிப்பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்துத் திறந்தார், உள்ளே ரிவால்வர். லைசென்ஸ் எடுத்து, மெட்ராஸில் ஒரு கடையில் பழசாக வாங்கியிருக்கிறார்.

"நயினாரே, எறும்பு செத்துடும்னு பார்த்து நடக்கறவரு நீங்க. உங்களுக்கு எதுக்கு இது?"

"சுடறதுக்கா வாங்கினேன்? ரெண்டு தபா வீட்ல திருடன் பூந்துட்டான்பா. பொம்பளைங்க தூங்க மாட்டேங்கறாங்க. நாளைக்கு ஏரிக்கரையில நின்னு வானத்தப் பார்த்து ஒரே ஒரு வெடி. ஊரு முழுக்கக் கேட்டுக்கும். அப்புறம் பூட்டி வெச்சிடுவேன். சுடலாமா கூடாதா, அத்த மட்டும் சொல்லு மேஸ்திரி."

"தீபாவளிக்கு ஓலை வெடியாவது வெடிச்ச கையா அது?"

"அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்!" என்று சிரித்தார். பிறகு, "பருத்திக்குன்றம் கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன். இத்த எடுத்துக்கினு சாமி முன்னால நிக்க முடியுமா? நீ பார்த்துக்கினு இரு" என்று பெட்டியை விட்டுவிட்டுப் போனார். லைசென்ஸ்காரர் அப்படி விட்டுப்போகக் கூடாது. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தெருக்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

முதலில் குண்டு இல்லை என்று இரண்டு தரம் பார்த்தேன். குண்டைத் தட்டுகிற சுத்தியைப் பின்னுக்கு இழுத்துக் குண்டு போடுகிற உருளையை ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமில்லை. ஆறு அறையும் குழலுக்கு நேராக வந்து நின்றன. சுத்தியைத் தள்ளுகிற வில்லில் நல்ல விறைப்பு. உருளையைக் கழற்றி, குழலுக்குப் பின்னால் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துப் பார்த்தேன், கிரீஸ் மினுமினுத்தது. கடைசியாகக் குழலுக்குள் துணியை இழுத்துப் பார்க்க வேண்டும். அதற்கான கயிறு பெட்டியிலேயே இருந்தது. நூல் கயிறு, ஒரு முனையில் குழலுக்குள் இறங்குவதற்குப் பித்தளை எடை, மறுமுனையில் துணி கோக்கிற வளையம். சும்மா சுண்டினேன், இற்றுப்போன கயிறு நடுவில் இரண்டாக அறுந்தது.

கண்ணால் பார்த்தது போதும் என்று நினைத்தேன். இரண்டு துண்டையும் ஜன்னல் மாடத்தில் போட்டுவிட்டு, ரிவால்வரைத் துணியில் சுற்றிப் பலகைமேல் வைத்துவிட்டு, கைகழுவக் கிணற்றடிக்குப் போனேன். இரண்டு வாளி இறைத்திருப்பேன், அவ்வளவுதான்.

திரும்பி வந்தால் கயிறு, சுற்றிவைத்த துணியின்மேல் நீட்டமாகக் கிடந்தது. ஒரே கயிறு. நடுவில் விரற்கடை அளவுக்குச் சாம்பல் நிறம். நம்பினால் நம்புங்கள், முறுக்கு எதிர்ப்பக்கம் போயிருந்தது. தெருக்கதவு போட்ட தாழ்ப்பாள் போட்டபடி, பின்பக்கம் கிணற்றடியில் நான்தான் நின்றேன். பட்டு இழையைத்தான் அப்படிப் பிணைக்கலாம், அந்தத் தடிமன் நூல் கயிறு முறுக்கினால் நிற்கவே நிற்காது. பிறகு அதே தடிமனில் வேறு கயிற்றை எத்தனையோ தரம் முறுக்கிப் பார்த்துவிட்டேன்.

எனக்குப் பயம் வரவில்லை. வேலையைப் பாதியில் விட்டு எழுந்தது உறுத்தியது. உட்கார்ந்து, ரிவால்வரைப் பிரித்து, துணியை இறுக்கமாகக் கோத்து இழுத்தேன். கயிறு தாங்கியது. குழல் வாய்க்கு இரண்டு அங்குலம் இருக்கும்போது துணி சட்டென்று இளகியது, ஒரு பள்ளத்தில் கால் வைத்தது போல. பிறகு மறுபடி இறுகியது. கிரீஸ் போனபின் வெளிச்சத்தில் பார்த்தேன், மோதிரம் போலக் கறுப்பாக ஒரு வளையம். எப்போதோ உள்ளே ஒரு குண்டு சிக்கி நிற்க, தெரியாமல் அடுத்ததைச் சுட்டிருக்கிறார்கள். குழல் உள்ளே வீங்கிவிட்டது. வெளியே புடைத்தது தெரியாமல் யாரோ அரம் போட்டு மெருகேற்றியிருந்தார்கள். இன்னொரு தரம் சுட்டால் குழல் நயினார் கையிலேயே வெடிக்கலாம்.

"பார்த்துட்டேன் பாக்கியம்" என்றேன், வாய்விட்டு. ஏதாவது கேட்குமா என்று அசையாமல் இருந்தேன். ஒன்றுமில்லை. அரை சோறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று வருஷத்தில் அவள் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மங்கிக்கொண்டு வந்தது. கயிற்றின் அந்த இடத்தைப் பிடித்தபடியே இருந்தேன், நயினார் கதவைத் தட்டும்வரை.

"என்னா மேஸ்திரி, அழுதுக்கினு இருக்கியா?"

"கண்ல மண்ணெண்ணெய் பட்டுடுச்சு. நயினாரே, இது கூடாது. குழல் உள்ள வீங்கியிருக்குது."

"பளபளன்னு இருக்குதேப்பா!"

குழலுக்குள் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். தன் வலது கையை ஒரு தரம் விரித்து மூடினார். பிறகு எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினார். கயிற்றையும் சுருட்டி அதன் குழியில் வைத்தார். அதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அந்தக் கயிறு எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சத்தில் கேட்காமல் விட்டேன்.

அவர் போனபின்தான் மாடத்தைப் பார்த்தேன். கல்லாக இறுகியிருந்த சாம்பலில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அழுந்தியது போல. இப்போதும் இருக்கிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன், கொள்ளவில்லை.

மறுநாள் நயினார் முதல் பஸ்ஸில் மெட்ராஸுக்குப் போய் ரிவால்வரைக் கடையில் திருப்பிக் கொடுத்தார். கயிறு முதற்கொண்டு பெட்டியில் இருந்ததெல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டார்களாம். நான் எதிர்த்தெருவில் ஒரு ஜக்கார்டு பெட்டிக்கு எண்ணெய் போடப் போனேன்.