பூச்சி அரித்த கீரை

பிள்ளைக்கு ஏழாம் மாதம். முதன்முதலாகக் கீரை மசித்துக் கொடுக்க வேண்டும். தூக்கம் போதாத கண்களோடு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையிலேயே திண்டுக்கல் உழவர் சந்தைக்குப் போனேன். பூச்சி அரித்த கட்டாகப் பார்த்து எடுத்தேன். பூச்சி தின்றிருந்தால் மருந்து அடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

பயிரிட்ட அக்காவே விற்றுக்கொண்டிருந்தார். நான் ஓட்டை விழுந்ததாகப் பொறுக்குவதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“ஏத்தா, பூச்சி விழுந்ததாலதான் அதுக்கு மருந்தே அடிச்சேன். பிள்ளைக்கா? அதை வையி. இந்தா, முருங்கை. வீட்டு மரத்துல ஒடிச்சது, இதுக்கு யாரு மருந்து அடிக்கிறா?”

“நம்பிக் கொடுக்கலாமாக்கா?”

“நம்பாட்டி பிள்ளையப் பட்டினி போடு.”

வீட்டுக்கு வந்து நான்கு முறை கழுவினேன். அவன் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தூங்கிப்போனான். நானும் படுத்திருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.