பனிச்சந்தின் உச்சியில் கறுப்புக் கண்ணாடி

விடிவதற்கு முன்பே அவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். கூடாரத்துக்குள் டீ குடிக்கும்போதும் கழற்றவில்லை. எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது.

நாங்கள் மூவரும் விருத்தாசலத்தில் ஒன்றாக செராமிக் படித்தவர்கள். நான் ஊரிலேயே பீங்கான் பொம்மைச் சூளை வைத்திருக்கிறேன். திட்டக்குடிக்காரன் ஓசூரில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் இருக்கிறான். கண்ணாடிக்காரன் மட்டும் படிப்பை உதறிவிட்டு மணாலிப் பக்கம் போய், பனிச்சறுக்கு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறான். ஊரில் வெயில் ஏறத் தொடங்கும் பங்குனியில், சில வருடங்களாக நாங்கள் அவனிடம் போய்விடுவோம். இந்த முறை, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே செங்குத்தாக விழும் ஒரு பனிச்சந்தில் சறுக்கி இறங்குவதாகத் திட்டம்.

ஏறும்போது எப்போதும் முன்னால் போகிறவன் அன்று கடைசியாக வந்தான்.

"நேத்து நான் வந்து போட்ட தடம் இருக்குது பாரு, அதுலயே போங்க."

திட்டக்குடிக்காரன் என்னை நெருங்கி, "ராத்திரி ஊத்திக்கிட்டானாடா? நடையே சரியில்ல" என்றான். டீ குடிக்கும்போதே நான் மோந்து பார்த்திருந்தேன். வாசனை இல்லை.

உச்சியில் நின்று எட்டிப் பார்த்தேன். சந்தின் அடி தெரியவில்லை.

"நீ மொதல்ல எறங்கு" என்றான் கண்ணாடிக்காரன் என்னிடம்.

தான் இறங்கிப் பார்க்காத சரிவில் அவன் எங்களை இறக்கியதே கிடையாது. பனி தாங்குமா என்று பார்க்க என்னை அனுப்புகிறானோ? அப்படி நினைக்கவே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

"எப்பவும் நீதான முன்னாடி போவ?"

"நீ போடா, பின்னாடியே வந்துடறேன்."

கையுறையைக் கழற்றி நீட்டினேன். "இத கொஞ்சம் புடி."

அவன் கை வேறு பக்கம் காற்றைத் துழாவியது.

திட்டக்குடிக்காரன் சட்டென்று கண்ணாடியைப் பிடுங்கினான். கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, வீங்கி, நீர் கொட்டிக்கொண்டிருந்தன. மேகமூட்டம்தானே என்று முந்தின நாள் கண்ணாடி இல்லாமல் தடம் போட வந்திருக்கிறான். பனியின் வெளிச்சம் கண்ணைச் சுட்டுவிட்டது. என் சிவப்புச் சட்டை மட்டும் மங்கலாகத் தெரிகிறது, அதன் பின்னாலேயே இறங்கிவிடலாம் என்று நினைத்தானாம்.

"சொல்றதுக்கு என்னடா?"

"சொன்னா திரும்பிடுவீங்க. அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க."

வாயில் வந்தபடி திட்டினேன். அவன் கண்ணை ஈரத்துணியால் கட்டி, ஏறிய வழியிலேயே மெல்ல நடந்து இறங்கினோம். என் முதுகுப்பையின் வாரைப் பிடித்தபடி வந்தான். ஒருமுறை வழுக்கி என்மேல் சாய்ந்து, சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, இருட்டறையில் படுக்கச் சொன்னார்.

நாங்கள் கிளம்பும் நாளில் பஸ் ஏற்றிவிட வந்தான். தூரத்தில் வந்த பஸ்ஸைக் காட்டி, "டெல்லி போர்டு. தெரியுது பாத்தீங்களா?" என்றான்.

"இந்நேரத்துக்கு வேற என்ன பஸ்ஸு வரும்?" என்றான் திட்டக்குடிக்காரன்.

எனக்கும் நம்பிக்கை வரவில்லை. எதிரே போன லாரியின் நம்பரைப் படிக்கச் சொன்னேன். தப்பில்லாமல் படித்தான். அதற்குப் பிறகுதான் படியில் கால் வைத்தேன்.