மாவில் கலந்த சுண்ணாம்பு

ஜைனபின் வலக்கண்ணைக் கெடுத்தவள் நான். அவளுடைய அவசரம் இல்லை, விதியும் இல்லை. நான்! இத்தனை வருடங்களாக ஊர் நம்பிவந்தது பொய்.

என்னைப் பார்த்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், சாவு வீட்டில் முதல் ஆளாய் நிற்கிறவள். "எஸ்தரக்கா தங்கம்" என்பார்கள். தங்கம்... உரசிப் பார்த்தவர் யார்?

எண்பதுகளின் தொடக்கத்தில், பழவேற்காட்டில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் வாழ்த்து அட்டை செய்யும் கூடம் நடந்தது. மெட்ராஸிலிருந்து வந்து தங்கியிருந்த டீச்சரம்மா ஒருவர் அதை நடத்தினார். ஒன்பது பெண்கள் வேலை செய்தோம். நான் ஏரிக்கு அக்கரையிலுள்ள பசியாவரத்திலிருந்து தினமும் படகில் வருவேன். ஜைனப் கூடத்துக்குப் பக்கத்துத் தெருக்காரி, என் வயதுக்காரி, என் சிநேகிதி.

எங்கள் அட்டையில் படம் மேடாக எழுந்து நிற்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே படத்தை ஊறவைத்துக் கறுப்பைத் தேய்த்தெடுத்து, அதில் பிளேடால் பூநாரையும் நட்சத்திரமும் வெட்டுவாள் ஜைனப். அதுதான் ஸ்டென்சில். அதை அட்டைமேல் வைத்து, ஓட்டைகளின் மீது பசையை வழித்துவிட்டு, மெல்லத் தூக்கினால் பூநாரை எழுந்து நிற்கும். அந்தப் பசையை டீச்சரம்மா 'பேஸ்ட்' என்பார். நாங்கள் மாவு என்போம். சாக்பீஸ் தூளையும் வேலம்பிசினையும் சேர்த்துக் குழைத்த மாவு. குழைப்பது என் வேலை.

அட்டை வாங்க வந்தவர்கள் எல்லோரும் ஜைனபின் கையைப் புகழ்ந்தார்கள். மாவு பிசைகிறவளை யார் புகழ்வார்கள்? அது பொறாமை என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். பொறாமைதான்!

அந்தக் கார்த்திகையில் அடைமழை. கிறிஸ்துமஸ் அட்டைகள் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. ஈரக்காற்றில் மாவு காயவே இல்லை. தொட்டால் நட்சத்திரம் விரலோடு வந்தது. டீச்சரம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

என் அம்மா சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்தவள். ஏரியில் வாரிய கிளிஞ்சலைச் சுட்டு நீற்றுகிற சூளை. எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் வந்ததுண்டு, சுண்ணாம்புக்கு வந்ததில்லை. ஒரு டப்பாவில் கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது மாவில் கலந்தேன்.

மறுநாள் நட்சத்திரங்கள் வெள்ளை வெளேரென்று இறுகி நின்றன. "எஸ்தர், உன் கைப்பக்குவமே தனிம்மா!" என்றார் டீச்சரம்மா. எப்படிச் செய்தாய் என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். விரல் எரிகிறது என்று இரண்டு பெண்கள் சொன்னபோது, "குளுருக்கு அப்படித்தான் இருக்கும்" என்றேன். வாய் கூசவில்லையே எனக்கு!

நான்காம் நாள் அது நடந்தது. ஸ்டென்சிலின் ஓட்டைகளில் மாவு காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஜைனப் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து பார்த்தபடி ஈர்க்குச்சியால் குத்தி எடுப்பாள். எப்போதும் அப்படித்தான். அன்று மாவு கல்லாய் இறுகியிருந்ததால், முகத்தருகே கொண்டுவந்து அழுத்திக் குத்தினாள். தெறித்த துணுக்கு கண்ணுக்குள் விழுந்தது.

"யா அல்லா! கண்ணு எரியுதுடி எஸ்தரு... எரியுதுடி!"

"சாக்பீஸ் தூள்தானேம்மா, கசக்காதே, தானா வந்துடும்" என்றார் டீச்சரம்மா. யாரோ இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டார்கள். துணியால் கட்டினார்கள்.

என் காலடியில் நிறைகுடம் இருந்தது. கண்ணில் சுண்ணாம்பு பட்டால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், உடனே, நிறுத்தாமல். சூளைக்காரி மகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? அது சுண்ணாம்பு என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்!

ஏன் ஊற்றவில்லை? வாயைத் திறந்து சொல்லத்தான் தைரியமில்லை, குடத்தைத் தூக்கியாவது ஊற்றியிருக்கலாமே... இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன்! ஊற்றியிருந்தால் அங்கிருந்த பெண்கள் ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பார்கள். எங்கள் ஊரில் சுண்ணாம்புக்குத்தான் அப்படி ஊற்றுவார்கள். என் கைப்பக்குவம் சந்தி சிரித்திருக்கும். அதற்குப் பயந்து நின்றேன். சும்மாகூட நிற்கவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்!

அன்று மாலை டப்பாவை ஏரியில் எறிந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து மெட்ராஸுக்கு. கட்டு அவிழ்த்தபோது அந்தக் கண் வெந்த மீனின் கண்ணைப்போல் வெளுத்திருந்தது. நிச்சயம் செய்திருந்த ஆரம்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டார், மாதம் முடிவதற்குள் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அதன்பின் அவளுக்குக் கல்யாணமே நடக்கவில்லை.

ஸ்டென்சில் வெட்டும் வேலையை டீச்சரம்மா எனக்குக் கொடுத்தார். வேண்டாம் என்று சொன்னேனா? வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் வீட்டுக்குப் போனேன். நல்ல மீன் கிடைத்தால் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு சிநேகிதியா என்று தெருவே மெச்சியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுக்கத்தான் செய்தது... ஆனால் மெச்சியதைக் கேட்கவும் பிடித்திருந்தது. இதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாறு வருடம் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எஸ்தரு, சாக்பீஸ் தூளு இப்படி சுடாதுன்னு மெட்ராஸ் டாக்டரு அன்னைக்கே சொன்னாராம். அண்ணன் இப்பதான் சொல்லுது. நீதானே மாவு பிசைஞ்ச... அதுல வேற இன்னாவாச்சும் இருந்துச்சா?"

அவள் குரலில் கோபம் இல்லை. முறத்தை நிறுத்திவிட்டு, நல்ல கண்ணால் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை வெள்ளிக்கிழமை படகேறியிருக்கிறேன்! இதோ, அவளே வாசலைத் திறந்துவிட்டாள். ஒரு வார்த்தை போதும்...

"சாக்பீஸும் பிசினுந்தான்டி. வேற இன்னா இருக்கும்?"

அவள் பெருமூச்சு விட்டாள். நிம்மதிப் பெருமூச்சு!

"அதான் நானும் அண்ணன்கிட்ட சண்டை போட்டேன். எஸ்தரு எங்கிட்ட பொய் சொல்ல மாட்டாள்னு."

டீ போட எழுந்து போனாள். நான் உட்கார்ந்திருந்து, குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அவள் இன்றும் அதே தெருவில் இருக்கிறாள். உங்களிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் முன்பின் தெரியாதவர்கள் என்பதால்... இந்த வெள்ளிக்கிழமையும் போவேன். அவள் கேட்கமாட்டாள். கேட்டு முடித்துவிட்டாள்.