இந்த முறை அப்பா வரணும்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது என் பக்கத்தில் உட்கார யாரும் விரும்ப மாட்டார்கள். நான் அடிப்பேன். கிள்ளுவது, முடியைப் பிடித்து இழுப்பது மாதிரி சின்ன வேலை இல்லை. கையை மடக்கி முதுகில் குத்துவேன். பேனாவைக் கேட்காமல் எடுத்தால் குத்து, வரிசையில் முந்தினால் குத்து. அடிக்கடி பள்ளிக்கூடத்திலிருந்து அம்மாவுக்கு போன் போகும். வண்ணாரப்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்த அம்மா, சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு ஓடி வருவாள். புடவையெல்லாம் நூல் ஒட்டியிருக்கும். வந்து நின்று அழுவாள். மிஸ் நீட்டும் நோட்டில் கையெழுத்துப் போடுவாள். வெளியே வந்ததும் என் காதைத் திருகி, "ஏன்டி என் மானத்த வாங்குற?" என்பாள். அதோடு அது முடிந்துவிடும். அடுத்த வாரம் இன்னொருத்தி முதுகு.

எங்கள் வீடு கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, நாங்கள் மூன்று பேர். அப்பா டிரெய்லர் டிரைவர். மணலிப் பக்கத்துக் கிடங்குகளிலிருந்து கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவார். துறைமுக வாசலில் க்யூ நீண்டுவிட்டால் இரண்டு நாள், மூன்று நாள் வண்டியிலேயே கிடக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது கண் சிவந்திருக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு படி ஏறுவார். அவர் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தத்திலேயே அன்றைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சண்டைக்குப் பெரிய காரணம் எதுவும் இருக்காது. குழம்பில் உப்பு, குடத்தில் தண்ணீர். அப்பா அம்மாவை அடித்ததில்லை. என்னையும் தொட்டதில்லை. ஆனால் கையில் இருப்பதை எறிவார். டம்ளர், டிவி ரிமோட், ஒரு தடவை சோற்றுத் தட்டு. அம்மாவும் வாயில் சளைத்தவள் இல்லை. நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். மறுநாள் காலையில் அப்பா தானே ஈரத்துணி எடுத்துச் சுவரைத் துடைத்துக்கொண்டிருப்பார். நான் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். போகிற வழியிலேயே கை குறுகுறுக்கும். இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க அப்போது எனக்குத் தெரியவில்லை.

என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். எங்களுக்கு அடுத்த தெருதான். அவள் அம்மா காசிமேட்டில் மீன் விற்றார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பெஞ்சு மேல் ஏறி நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இன்னாடி சோறு இது? நாய் துன்னுமா இத்த?" என்றாள். எங்கள் அப்பாவின் குரல். கடைசியில் அவர் இருமுகிற இருமல் கூட அப்படியே வந்தது. வகுப்பே சிரித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு கணம் எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு, எங்கள் வீட்டுச் சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேட்கிறது என்பது உறைத்தது. வழக்கமாகக் குத்துகிறவள், அன்றைக்குக் கையிலிருந்த டிபன் பாக்ஸை எறிந்தேன்.

அது அவள் புருவத்தில் பட்டது. யூனிபார்ம் மேலெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார். அம்மா அழுதுகொண்டே வழக்கம்போல நோட்டுக்குக் கையை நீட்டினாள். எங்கள் வகுப்பு மிஸ் நோட்டை மூடி வைத்துக்கொண்டார். அவர் கணக்கு மிஸ். பிரியமானவர் என்று சொல்ல முடியாது. வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் டஸ்டரால் மண்டையில் தட்டுவார்.

"இதுல பக்கம் பக்கமா உங்க கையெழுத்துதான் இருக்கும்மா. இந்த முறை அப்பா வரணும்" என்றார்.

"அவரு வண்டில இருக்காரு மிஸ். எப்ப வருவாருன்னு தெரியாது."

"அவர் வரப்போ இவளும் வரட்டும். அதுவரைக்கும் வீட்லயே இருக்கட்டும்."

அப்பாவின் போன் இரண்டு நாளாக அணைந்து கிடந்தது. மூன்றாம் நாள் காலை அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, "கெளம்பு, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள். ஷேர் ஆட்டோவில் எண்ணூர் போகும் கடற்கரைச் சாலையில் போய் இறங்கினோம். ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கரை, கடல். இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டின மட்டும் டிரெய்லர் வண்டிகள். அம்மா ஒரு கிளீனரிடம் வண்டி நம்பரைச் சொன்னாள்.

"நைனா வண்டியா? இன்னும் பத்து வண்டி தாண்டிப் போம்மா. பேச்சு சத்தம் கேக்கும் பாரு" என்றான்.

அப்பாவை அங்கே நைனா என்றுதான் கூப்பிடுவார்களாம். பேச்சுச் சத்தம் உண்மையிலேயே கேட்டது. கன்டெய்னர் நிழலில் நாலைந்து டிரைவர்கள் வட்டமாக உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அப்பா, கையில் கரண்டியோடு, ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவும் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்த மாதிரி ஒரு அப்பாவை நான் பார்த்ததே இல்லை.

எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இன்னாச்சு? யாருக்கு இன்னா?"

அம்மா நடந்ததைச் சொன்னாள். அப்பா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், "வெயிலா கீது, மேல ஏறு" என்றார்.

வண்டிக் கேபினுக்குள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஏறினேன். உள்ளே பெட்ஷீட் நான்காக மடித்து வைத்திருந்தது. கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. அப்பா ஒரு தட்டில் சோறும் தக்காளிக் குழம்பும் போட்டு என் மடியில் வைத்துவிட்டு, ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தார். அம்மா கீழேயே நின்றாள். யாரோ அவளுக்கு டீ கொடுத்தார்கள்.

"எதுக்கு அடிச்ச?"

"உன்ன மாதிரி பேசிக் காட்டினா."

"இன்னா பேசினா?"

நான் பேசிக் காட்டினேன், இருமலோடு. அப்பா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"இங்க எல்லார் கூடவும் சிரிச்சிகினு கீற. வூட்ல ஏன் சிரிக்க மாட்டேங்குற?"

அவர் என் மடியிலிருந்த தட்டைத் தொட்டுப் பார்த்தார். "துன்னு. ஆறிப் போவுது."

மறுநாள் வண்டியை ஒரு சிநேகிதரிடம் விட்டுவிட்டு வந்துவிட்டார். முகம் மழித்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தார். அடிபட்டவளும் அவள் அம்மாவும் ஆபீஸ் அறையில் இருந்தார்கள். அந்த அம்மா அவரைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். "பொம்பளப் புள்ள மூஞ்சிய்யா இது. கண்ணுல பட்டிருந்தா இன்னா ஆவறது? இன்னா பொண்ணு வளத்து வெச்சிகீற நீ?"

அந்த அம்மா மூச்சு வாங்க நிறுத்தியதும் அப்பா சொன்னார்: "இவள சொல்லிக் குத்தம் இல்லம்மா. வூட்ல தூக்கி எறியறது நான்தான். இவ பாத்துகினே வளந்துட்டா."

பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "நீ பேசிக் காட்டினது நான் பேசினதுதான் கண்ணு. நான் பேசாம இருந்திருந்தா உனக்கு இந்தக் காயம் இல்ல. மன்னிச்சிக்கோ."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் பார்த்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதே சமயம் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நானும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், பாதி வார்த்தைதான் வெளியே வந்தது. மீன்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி வுடுண்ணே. இவ வாயும் சும்மா இருக்காது" என்றார்.

டி.சி. பேச்சு அதோடு நின்றது. கணக்கு மிஸ் மட்டும் ஒன்று செய்தார். எங்கள் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். ஒரு வாரம் நடுவில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அவள்தான் மெதுவாகக் கேட்டாள்: "கணக்கு மிஸ் மாதிரி பேசிக் காட்டட்டா? எறிய மாட்டியே?" பேசினாள். இரண்டு பேரும் வெளியே முட்டி போட்டோம். அவ்வளவு சிரித்திருந்தோம்.

வீடு ஒரே நாளில் மாறிவிடவில்லை. கொஞ்ச நாள் அப்பா பேசாமலே இருந்தார், அது இன்னும் பயமாக இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் தண்ணீர் பிடிக்காததற்குக் குரல் ஏறியது. டம்ளரைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனார். அம்மா வேண்டாம் என்று தலையாட்டியும் நான் பின்னாலேயே போனேன். தெருமுனையில் யாருடைய பைக் மேலோ உட்கார்ந்திருந்தார்.

"இன்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

டீக்கடையில் எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு சண்டை வந்தால் யாராவது ஒருவர் கீழே இறங்கிப் போவது எங்கள் வீட்டில் பழக்கமாயிற்று. சில நாள் அம்மா போவாள், அப்பா அடுப்பைப் பார்த்துக்கொள்வார். டம்ளர் பறந்த நாட்களும் இருந்தன. பத்தாம் வகுப்பில் நானும் ஒருத்தியைப் படியில் தள்ளிவிட்டேன். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அன்றைக்கு யாரும் கூப்பிடும் முன்பே நானே மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன்.

பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் நானும் அம்மாவும் தூக்குச்சட்டியில் மீன் குழம்பு எடுத்துக்கொண்டு மறுபடியும் க்யூவுக்குப் போனோம். இந்தத் தடவை அம்மாவும் கேபினுக்குள் ஏறிக்கொண்டாள். மூன்று பேரும் நெருக்கியடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. அப்பா தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு இன்ஜினைக் கிளப்பினார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஐம்பது அடி போய் நின்றது. அம்மா கதவுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"இன்னிக்கி அவ்ளோதான்" என்று சொல்லி, அப்பா தட்டை வாங்கிக்கொண்டார்.